நாகர்கோவிலில் ஐந்து பேர் முன்னால் மாக் இன்டர்வியூ: 2,500 ரூபாய்க்குத் தகுமா?

நேர்காணலுக்குப் போகிறவர்களை ஐந்து பேர் முன்னால் உட்கார வைத்து ஒத்திகை பார்க்கிற வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் நடத்துகிறவர்கள் நல்ல மனுஷர்கள், நாளைக்கு வடசேரியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. நம்ம ஊரில் பேங்க் எக்ஸாம் எழுதுகிற கூட்டத்துக்கு எந்த இடம் என்று எப்படியும் தெரிந்துவிடும். ஒரு ஃபேன்ஸி கடைக்கு மேலே இரண்டாவது மாடி, படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடும்.

நான் போனதற்குக் காரணம் போன வருஷம். வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ தேர்வில் மெயின்ஸ் என்கிற முதன்மை எழுத்துத் தேர்வு தேறி இன்டர்வியூவில் கோட்டை விட்டேன். படிக்காமல் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது. ரெப்போ, சிஆர்ஆர், டெபாசிட் இன்சூரன்ஸ் 5 லட்சம், முத்ரா கடனில் சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை, அதற்கு மேல் தருண் பிளஸ் 20 லட்சம் என்று எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் உள்ளே போனால் ஐந்து பேர். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியவன், கண்ணாடியில் ஒரு ஆள்தான் இருப்பான். இரண்டாவது கேள்வியிலேயே யாருக்குப் பதில் சொல்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை, ஐந்து முகமும் கலங்கி ஒரே முகமாகிவிட்டது.

பிஓ இன்டர்வியூவுக்கு 100 மதிப்பெண். தேறுவதற்குக் குறைந்தது 40 சதவீதம், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 35. கடைசிப் பட்டியலில் மெயின்ஸ் 80, இன்டர்வியூ 20 என்று கணக்கு. 20 தானே என்று அலட்சியமாக நினைத்தவன்தான் நானும். மெயின்ஸில் எல்லாரும் அரை மதிப்பெண், கால் மதிப்பெண் என்று நெருக்கியடித்து நிற்கும்போது அந்த 20 தான் ஆளைத் தூக்குகிறது, தள்ளுகிறது. இன்னொன்றும் உண்டு. கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ கிடையாது, மத்திய அரசு கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்காணலையே எடுத்துவிட்டது, டிஎன்பிஎஸ்சி குரூப் 2-விலும் இப்போது இல்லை. அதனால் நம்ம பையன்கள் பத்துத் தேர்வு எழுதியிருப்பார்கள், ஒரு நேர்காணல் அறையைக் கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். இந்த வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் பிஓ, மீதிப்பேர் குரூப் 1. குரூப் 1-க்கு மெயின்ஸ் 750, நேர்காணல் 100.

சரி, வகுப்புக்கு வருகிறேன். 2,500 ரூபாய்க்கு மூன்று தடவை உட்காரலாம். வீடியோ எடுத்து பென்டிரைவில் போட்டுத் தருவார்கள், அதற்குத் தனியாக 200, பென்டிரைவ் நாமே கொண்டு போகவேண்டும். இதை முதலில் சொல்லவில்லை, கடைசியில் கேட்டார்கள். எனக்குப் பிடிக்காத வேலை இது.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி என்று சொல்லி வரச்சொன்னார்கள், என் முறை வந்தபோது மணி 12:40. அதுவரை வராந்தாவில் பெஞ்சு. கீழே ஓட்டலில் ரசவடை போடுகிற வாசனை மேலே வந்துகொண்டே இருந்தது, சாப்பிடப் போனால் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஒருத்தரும் இறங்கவில்லை. நேரத்தைப் பிரித்துச் சொன்னால் என்ன கேடு என்று தெரியவில்லை. மூன்று வாரமும் இதே கதைதான்.

உள்ளே இரண்டு பிளாஸ்டிக் மேசைகளைச் சேர்த்துப் போட்டு நீலப் பெட்ஷீட் விரித்திருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அவர்தான் தலைவர். அவருக்கு வலது பக்கம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய ஒரு மேடம், பார்த்தாலே சிரித்த முகம். இடது பக்கம் ஓய்வுபெற்ற தாசில்தார். வலது ஓரத்தில் வேளாண்மைத் துறையில் இருந்தவர். இடது ஓரத்தில் மூன்று வருஷத்துக்கு முன்பு பிஓ தேறி இப்போது வேலையில் இருக்கிற ஒரு அண்ணன், வாயே திறக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். தலைவர் கேட்டார், இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு. இதற்குப் பதில் தயாராக இருந்தது, ஆரம்பித்தேன். பாதியில் வலது ஓரத்தில் இருந்தவர், அப்படியானால் படித்த படிப்பு வீண்தானே என்று வெட்டினார். நான் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பிவிட்டேன். முதல் பதில் அந்தரத்தில் நின்றது, அதற்கு நான் திரும்பவே இல்லை. மேடம் ஏதோ கேட்டார், அவர் சிரித்த முகமாக இருந்ததால் அப்புறம் யார் கேட்டாலும் பதிலை அவரிடமே கொண்டுபோய்க் கொட்டினேன். பதினைந்து நிமிஷம் ஆனதும் தலைவர், என் முகத்தை மட்டும் பார், திரும்பாதே, இடது ஓரத்தில் இருக்கிறவர் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்று கேட்டார். வெள்ளை என்றேன். காப்பிக்கொட்டை நிறத்தில் கட்டம் போட்ட சட்டை. மதிப்பெண் போட்டது முழுக்க அவர்தானாம். நூற்றுக்கு 38.

ராத்திரி வீட்டில் லேப்டாப்பில் அந்த வீடியோவைப் போட்டேன். அம்மா மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "என்ன மக்ளே, அந்தச் சிரிக்கிய அம்மைக்கு மட்டும் பதில் சொல்லுக, மத்தவங்கெல்லாம் ஒனக்கு என்ன செய்தாவ?" என்றாள். 200 ரூபாய் அதற்கே சரியாகிவிட்டது. இன்னொன்றும் பார்த்தேன், என் வலது கை முழு நேரமும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, பேன்ட் துணி அந்த இடத்தில் பளபளப்பாகிவிடும் போல.

இரண்டாவது தடவைதான் இந்த வகுப்பின் உயிர். அன்று கேள்விக்குப் பதில் சொல்லவே விடவில்லை. கட்டம் போட்ட சட்டை அண்ணன் எழுந்து வந்து முதலில் நாற்காலியைக் காட்டினார். மேசைக்கு ஒட்டி உட்கார்ந்தால் ஓரத்து ஆட்கள் இரண்டு பேரும் பார்வைக்கு வெளியே போய்விடுவார்கள், உட்காரும்போதே அனுமதி கேட்டு அரை அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொள், ஐந்து பேரும் ஒரு சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள் என்றார். உட்கார்ந்து பார்த்தேன், வந்துவிட்டார்கள்! இவ்வளவு சின்ன விஷயம், போன வருஷம் இதை ஒருத்தர் சொல்லியிருந்தால்...

அடுத்தது கண். கேட்டவரிடம் பதிலைத் தொடங்கு, நடுவில் ஒரு வாக்கியத்தை மற்றவர்களிடம் கொண்டு போ, முடிக்கும்போது கேட்டவரிடமே திரும்பி வா. கண்ணை மட்டும் உருட்டினால் திருட்டு முழி மாதிரி இருக்கும், தோளும் கொஞ்சம் கூடத் திரும்பவேண்டும். ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டிருப்பவருக்கும் ஒரு பங்கு உண்டு, அவர் நிமிராவிட்டாலும் பரவாயில்லை, நீ பார்த்தாய் என்பதை மற்ற நான்கு பேர் பார்ப்பார்கள். இதை வாசித்தால் எளிதாக இருக்கும். செய்து பாருங்கள், முதல் பத்துத் தடவை பதில் மறந்துபோகும்.

அப்புறம் குறுக்கே வெட்டுவது. தாசில்தாரும் வேளாண்மைக்காரரும் வேண்டுமென்றே ஒரே நேரத்தில் கேட்பார்கள். முதல் கேள்வியை ஒரு வரியில் முடிச்சுப் போட்டுவிட்டு, உங்கள் கேள்விக்கு வருகிறேன் சார் என்று இரண்டாமவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். தலைவரே வெட்டினால் மட்டும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அவரிடம் போகலாம். இதை மட்டும் நாற்பது நிமிஷம் ஓட்டினார்கள், எனக்குச் சட்டை நனைந்துவிட்டது, மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியாக மேடம் பயிர்க்கடன் தள்ளுபடி கூடாது என்றார், தாசில்தார் கட்டாயம் வேண்டும் என்றார், இரண்டு பேரும் சண்டை போடுகிற மாதிரி பேசிவிட்டு ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள், நீ என்ன சொல்கிறாய்? நான் முழித்த முழியையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் நிரப்பி வாங்கிய பயோடேட்டா படிவத்தைச் சும்மா சடங்கு என்று நினைத்திருந்தேன். அப்பா தொழில் என்ற இடத்தில் ரப்பர் விவசாயம் என்று எழுதியிருந்தேன், குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மரம் உண்டு. தாசில்தார் அதைப் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷை விட்டுவிட்டு நம்ம பேச்சிலேயே கேட்டார்.

"எத்தன மரம் நிக்குது?"

"நூத்திப் பத்து சார்."

"வயசு என்ன?"

"நாப்பத்தெட்டு சார்."

"அப்பாவுக்கு இல்ல மக்கா, மரத்துக்கு."

ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள், எழுதுகிற அண்ணன் உட்பட. அவர் விடவில்லை. பழைய மரத்தை முறித்துவிட்டுப் புதுக் கன்று வைக்கக் கடன் கேட்டு உங்கள் அப்பாவே உன் கிளைக்கு வருகிறார், கொடுப்பாயா? கொடுப்பேன் என்றேன். பால் வெட்ட ஏழு வருஷம் ஆகுமே, அதுவரை எதை வைத்துத் தவணை கட்டுவார்? எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் பக்கத்து விளையில் இளம் ரப்பருக்கு நடுவில் அன்னாசி போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பஸ் ஏறப் போவேன், எங்கள் வீட்டிலும் வாழை போட்டுத்தான் அந்த வருஷங்களைக் கடத்தினார்கள். வீட்டில் தெரிந்தது அந்த நாற்காலியில் தெரியவில்லை. பிறகு தலைவர் எடுத்துக் கொடுத்தார், அந்த வருஷங்களில் தவணை கேட்காமல் விடுவதற்கு என்ன பெயர் என்று. கொரோனா சமயத்தில் ஊர் முழுக்கச் சொன்ன வார்த்தைதான், மாரடோரியம். கடன் எப்போது வாராக்கடன் ஆகும் என்று கேட்டார், தவணை தப்பி 90 நாள் என்று பட்டென்று சொன்னேன். பயிர்க்கடனுக்கும் அதேதானா என்றார். இல்லை, குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் என்பதை அன்றைக்குத்தான் புத்தியில் ஏற்றினேன். இந்த இருபது நிமிஷத்துக்கு 2,500 முழுவதையும் கொடுக்கலாம்.

இன்னொரு உதவியும் தாசில்தாரால்தான். சான்றிதழ்க் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார், இதற்குத் தனிக் காசு கிடையாது. என்னிடம் இருந்தது பள்ளிக்கூடக் காலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ். ஐபிபிஎஸ் ஓபிசிக்குக் கேட்பது மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி கூடிய பிரிவில், வரவில்லை என்ற வரியோடு, அவர்கள் அறிவிப்பில் சொல்கிற தேதிக்குள் வாங்கிய சான்றிதழ். பிசி, எம்பிசி என்று மாநிலச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஆகாது. மறுநாளே இ-சேவை மையத்துக்கு ஓடினேன். என்னோடு இருந்த ஆறு பேரில் நான்கு பேருக்கு இதே நிலைமை.

இனி குறை. மேடம் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அறிமுகப் பேச்சு என்று ஒரு பத்தியை எழுதிக் கொடுத்து எல்லாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். இந்தியாவின் தென்கோடியில் முக்கடல் கூடும் மண்ணிலிருந்து வருகிறேன் என்று தொடங்கும். ஆறு பேரும் அதையே சொன்னோம், வராந்தாவில் உட்கார்ந்து கேட்டால் பள்ளிக்கூட உறுதிமொழி மாதிரி இருந்தது. ஒரே நாளில் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேர் அதே அறைக்குப் போய் முக்கடலைக் கூட்டினால் உள்ளே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இன்டர்வியூவில் இங்கிலீஷோ இந்தியோதான் என்பதால் நமக்கு இங்கிலீஷ்தான் வழி, சரி. அதற்காக குமரி மாவட்டத்து இழுப்பு பேச்சில் வரவே கூடாது என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தித் திருத்தியதில் எனக்கு இருந்த கொஞ்ச இங்கிலீஷும் பயந்து ஓடியது. புரிகிற மாதிரி நிதானமாகப் பேசினால் போதாதா?

மாவட்டத்தைப் பற்றி 60 கேள்வி என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு தருவார்கள். நல்ல யோசனை, கேட்கிறவர்கள் சொந்த ஊரிலிருந்துதான் தொடங்குவார்கள். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைந்தது, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம், மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, எல்லாம் இருக்கிறது. ஆனால் கட்டு பழசு. 2019-இல் மாநகராட்சியான நாகர்கோவில் அதில் இன்னும் நகராட்சிதான். 2023-இல் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சேதி அதில் இல்லை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள், அதுவும் இல்லை. மாடியிலிருந்து இறங்கி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம், அந்தப் பாலத்தைச் சேர்க்க என்ன கஷ்டம்? காசு வாங்குகிறவர்கள் ஒரு பக்கத்தையாவது மாற்றி அடிக்கலாம்.

மூன்றாவது தடவை சுமார்தான். அன்று இரண்டு பேர் வரவில்லை, மூன்று பேரை வைத்து ஒப்பேற்றினார்கள். பலர் முன்னால் உட்காரத்தானே காசு கட்டினோம், வராதவர்களுக்குப் பதில் வராந்தாவில் காத்திருந்த பையன்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாமே என்று கேட்டேன். தலைவர் யோசித்துவிட்டு, அடுத்த பேட்ச்சுக்குச் செய்கிறோம் என்றார். எனக்கு அதனால் என்ன பயன்? 61 போட்டு அனுப்பினார்கள்.

அப்புறம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை. உள்ளே ஐந்து பேர். நாற்காலியைப் பின்னால் இழுக்க அனுமதி கேட்டேன், தலைவர் தலையாட்டினார், ஐந்து முகமும் தனித்தனியாகத் தெரிந்தன. அறிமுகம் கேட்கவே இல்லை, முக்கடல் அப்படியே பைக்குள் இருந்தது. மூன்றாவது கேள்வியில் வலது பக்கத்திலிருந்து வெட்டினார்கள், முடிச்சுப் போட்டுவிட்டுப் போனேன், பதிலைவிட அந்த முடிச்சு விழுந்ததுதான் உள்ளுக்குள் தெம்பு தந்தது. ரப்பர் வந்தது, மரத்தின் வயசையும் சேர்த்தே சொன்னேன். அன்னாசியையும் வாழையையும் பற்றிச் சொன்னபோது ஓரத்தில் இருந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். வகுப்பில் பழக்காத ஒன்றும் நடந்தது. ஒருவர் கடைசிவரை கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை, ஆனால் கேள்வி மட்டும் கேட்டார். தலையின் வகிட்டைப் பார்த்து எப்படிப் பதில் சொல்வது? நாகர்கோவிலில் எல்லாரும் நம்மை உற்றுப் பார்ப்பார்கள், பார்க்காத ஒருவரை வைத்தும் பழக்கவேண்டும். 12 நிமிஷத்தில் முடிந்தது.

ரிசல்ட் இன்னும் வரவில்லை, வருவதற்கு முன்னால் எழுதுவதுதான் நியாயம் என்று எழுதுகிறேன். தேறிவிட்டால் அந்த மாடிப்படியைத் தொட்டுக் கும்பிடுவேன், தேறாவிட்டால் 200 ரூபாய் பென்டிரைவிலிருந்து தொடங்குவேன், இரண்டும் உங்களுக்கு உதவாது. இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை. முதல் தடவை இன்டர்வியூ போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், ஒரு தடவைக்கு மட்டும் கட்டமுடியுமா என்று கேட்டுப்பாருங்கள், இரண்டாவது உட்காரலுக்கு நேராகப் போகமுடிந்தால் நல்லது. காசு இல்லையா, வீட்டிலேயே செய்யலாம். மார்த்தாண்டத்தில் என் சித்தி மகன் ஞாயிற்றுக்கிழமை மாமா, பக்கத்து வீட்டு டீச்சர், ரேஷன் கடையில் வேலை பார்க்கிற அண்ணன், பாட்டி எல்லாரையும் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துப் பழகுகிறான். கேள்வி எந்த மொழியில் கேட்டாலும் இவன் இங்கிலீஷில் சொல்லவேண்டும். பாட்டி மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம், வெற்றிலை மடிப்பார். அந்த விஷயத்தில் வகுப்பைவிட அவனுக்கு வசதி.

போகிறவர்களுக்கு ஒன்று. டை கட்டி வரச்சொல்வார்கள், இல்லையென்றால் அங்கேயே 150 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கவேண்டாம். சென்னையில் என் அறைக்கு வெளியே பதினொரு பேர் காத்திருந்தோம், டை கட்டியிருந்தவர்கள் நான்கு, அதில் மூன்று பேர் பெயர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்கள், நான்காவது நான்.